திரை பார்த்துக் கண் வலிக்கிறதா? எதை முதலில் சரிசெய்வது, எதைக் கடைசியில் தொடுவது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் பிரிவில் பிரிண்ட் வரைகிறேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுவது. புதிதாக வரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே கண் எரிகிறது, பின்மண்டை வலிக்கிறது, மாலையில் எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று வந்து நிற்பார்கள். எனக்கும் அதே வலி இருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் வெளியே வந்தேன்.

அவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கி, திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியைப் போட்டு, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, ஒரு செயலியையும் நிறுவிவிடுவார்கள். வலி குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் தெரியாது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் இருப்பதைச் சரிசெய்யாமல் பின்னால் இருப்பதைச் சோதித்தால் தவறான விடைதான் கிடைக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. ஓர் அளவு டேப். ஒரு வெள்ளைத் தாள். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கக்கூடிய கேமரா உள்ள கைபேசி. ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்குமானால் இன்னும் நல்லது. தென்னை ஈர்க்குச்சி ஒன்று. துணியின் நூலை எண்ண உதவும் சிறு உருப்பெருக்கியான பிக் கிளாஸ் ஒன்று. நம் ஊரில் எந்தத் துணிக் கம்பெனியிலும் கேட்டால் கிடைக்கும்.

இவற்றோடு இரண்டு படக் கோப்புகள் வேண்டும். ஒன்று முழு வெள்ளை. மற்றது கருப்பிலிருந்து அடர் சாம்பல் வரை செல்லும் பட்டைகள். திரையின் அகலம் 1920 புள்ளி என்றால், 0 முதல் 63 வரையான 64 சாம்பல் படிகளை, படிக்கு 30 புள்ளி வீதம் வரிசையாக வையுங்கள்.

இந்தப் பட்டைகளை ஃபோட்டோஷாப்பின் கிரேடியன்ட் கருவியால் இழுத்துச் செய்யும்போது, அதிலுள்ள டிதர் (புள்ளிகளைக் கலந்து நடு நிறம் காட்டுவது) என்ற குறியை எடுத்துவிட மறந்துவிடுகிறார்கள். அப்படியானால் கோப்புக்குள்ளேயே புள்ளி கலந்துவிடும், சோதனை வீணாகும். பட்டைகளைத் தனித்தனியாக நிரப்புவதே பாதுகாப்பு. சேமிக்கும்போது பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் தன் பங்குக்கு அழுக்குச் சேர்க்கும்.

2. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, எந்தத் திரை, எந்த அறை, எந்த வேலை. இந்த நான்கு மட்டும் போதும்.

மூன்று நாளில் ஒரு சாயல் தெரியும். திரையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே தொடங்கினால் திரையின் மினுக்கத்தைச் சந்தேகிக்க இடமிருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருகிறது என்றால் கண்ணாடி, வறட்சி, உட்காரும் விதம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வீட்டு டிவியில் வராமல் அலுவலகத் திரையில் மட்டும் வந்தால் அதுவும் ஒரு குறிப்பு.

3. கண் பரிசோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிறிய சிதறல் பார்வைக் குறை, பழைய பவர், நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து ஆகிய மூன்றும் திரை வலி போலவே இருக்கும். கோவை அவிநாசி சாலை அரவிந்த் மருத்துவமனையோ, சிவானந்தபுரம் சங்கரா மருத்துவமனையோ, உங்கள் ஊரிலேயே உள்ள கண் மருத்துவரோ, யாரிடமாவது முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீரென்று ஒளி வெட்டுவது, புதிதாக நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைவது ஆகியவை இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அன்றே போங்கள்.

போகும் முன் ஒரு வேலை. நீங்கள் உட்காரும் இடத்தில் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் படிக்கும் கண்ணாடி எழுதும்போது பொதுவாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்தை வைத்தே எழுதுவார். திரையோ அதைவிடத் தள்ளி இருக்கிறது. அளவைச் சொன்னால் அந்தத் தூரத்துக்கே எழுதித் தருவார்.

ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்க்கும் புரொகிரசிவ் லென்ஸ் போட்டவர்கள் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். அவர்களின் கழுத்து வலி பின்மண்டைக்கு ஏறும், பழி திரைமேல் விழும்.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியைவிட அது குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது.

4. காற்றும் இமையும்

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைப்பவர் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிகிறது.

நம் பக்கத்தில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்று மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாக உங்கள் கண்ணிலும் அடிக்கிறது. பஞ்சுத் தூசியும் அதில் வரும். ஆடி மாதத்தில் வலி கூடுகிறது என்று நோட்டு சொன்னால் மானிட்டரைக் குறை சொல்லும் முன் நாற்காலியைத் திருப்புங்கள். டேபிள் ஃபேனும் ஏசியும் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது.

20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். எங்கள் பிரிவில் எதிர்ச்சுவர் பத்தடியில் முடிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கும்போது இமைகள் முழுதாக ஒட்டும்படி பத்து முறை மூடித் திறங்கள். பாதி இமைப்பு பயன் தராது.

5. அறை வெளிச்சம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய கனமான சோக் போட்ட டியூப் லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்கும். மலிவான எல்இடி பல்புகள் பலவும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியாக வெளிவரும். கைபேசிக் கேமராவில் ஷட்டரை 1/1000 விநாடிக்கு வைத்து விளக்கு வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் மினுக்கம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சோக் உள்ள டியூபிலும் நல்ல எல்இடியிலும் பட்டை தெரியாது, அல்லது மிக மங்கலாகத் தெரியும்.

திரையைச் சோதிக்கும் முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விளக்கின் மினுக்கம் திரைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். திரைதான் மினுக்குகிறது என்று தவறாக முடிவு செய்வீர்கள். எங்கள் பிரிவில் ஒரு தம்பி இப்படித்தான் நல்ல மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினான். பட்டை அதிலும் ஓடியது. இரண்டாவது மானிட்டர் வந்த பிறகே தலைக்கு மேல் இருந்த டியூப்பைப் பார்த்தோம்.

ஜன்னல் உங்களுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் இருக்கட்டும்.

6. தூரம், உயரம், எழுத்து

கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம். ஏறக்குறைய 50 முதல் 70 சென்டிமீட்டர். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை தாழ்ந்து, கண்ணின் ஈரம் காயாமல் இருக்கும். எழுத்து சிறிதாக இருந்தால் முகத்தை அருகில் கொண்டுபோகாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஆடையின் அளவு விவரங்கள் உள்ள ஸ்பெக் ஷீட்டை நூறு சதவீதத்தில் வைத்துக் குனிந்து படிப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

7. திரை வெளிச்சம்

வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். முழு வெள்ளைக் கோப்பைத் திறங்கள். திரை தாளைவிட விளக்குப் போல் ஒளிர்ந்தால் கூடுதல், தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள்.

வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சில திரைகளில் குறைக்கக் குறைக்க வலி கூடும். அதற்கான காரணம் அடுத்த பகுதியில்.

8. மினுக்கச் சோதனை

பல திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் பலத்தைக் குறைப்பதில்லை, விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. இதற்குப் பெயர் பிடபிள்யூஎம். விநாடிக்கு 240 முறை இப்படி நடக்கும் ஒரு திரையை 20 சதவீத வெளிச்சத்தில் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 0.8 மில்லி விநாடி எரிந்து 3.3 மில்லி விநாடி இருண்டிருக்கும். வெளிச்சம் குறையக் குறைய இருள் நீளும். கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவும்போது இந்த வெட்டுகள் விழித்திரையில் தனித்தனியாகப் பதிகின்றன.

அறை விளக்கை அணையுங்கள். வெள்ளைக் கோப்பைத் திறந்து வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஈர்க்குச்சியைத் திரைக்கு முன்னால் விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். புகை போல ஒரே மங்கலாகத் தெரிந்தால் மினுக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஈர்க்குச்சிகள் தனித்தனியாக நிற்பது போல் தெரிந்தால் மினுக்கம் இருக்கிறது.

கேமராவிலும் உறுதிசெய்யுங்கள். 1/1000 ஷட்டரில் 20, 50, 100 சதவீத வெளிச்சங்களில் மூன்று படங்கள் எடுங்கள். வெளிச்சம் குறையும்போது கருப்புப் பட்டை அகலமானால் அது பிடபிள்யூஎம். ஷட்டரைத் தானியங்கியில் விட்டு எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மெதுவான ஷட்டரில் பட்டை பதியாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் முழு வெளிச்சத்திலும் ஒற்றை மெல்லிய கோடு ஓடும். அது படம் புதுப்பிக்கப்படும் கோடு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மினுக்கம் இருந்தால், அது மறையும் வெளிச்ச அளவைக் கண்டுபிடியுங்கள். பல மானிட்டர்களில் அது 100 சதவீதம், சிலவற்றில் அதற்குக் கீழேயே மறைந்துவிடும். அந்த அளவில் வைத்துவிட்டு, அறை வெளிச்சத்தைக் கூட்டித் தாளோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். திரைக்குப் பின் சுவரில் ஒரு மினுக்காத விளக்கு போதும். அதற்குப் பிறகும் கூசினால் மட்டும் மென்பொருள் வழியாகத் திரையை மங்கலாக்குங்கள். அதை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் தெரியும்.

9. டிதரிங்: நிறம் கலக்கும் நடுக்கம்

மயில்கழுத்து நிறச் சேலையைப் பிக் கிளாஸில் பார்த்திருக்கிறீர்களா? மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கூட அதில் இருக்காது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். தள்ளி நின்று பார்க்கும் கண் அதைக் கலந்துகொள்கிறது. இல்லாத நிறத்தை இருப்பது போல் காட்ட, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் இரண்டு நிறங்களை இடுவது ஒரு வகை டிதரிங். இது அசையாது, பெரும்பாலும் தொந்தரவு தராது.

இன்னொரு வகையில் ஒரே புள்ளி நேரத்தில் மாறுகிறது. ஒரு ஃபிரேமில் ஒரு நிறம், அடுத்த ஃபிரேமில் அடுத்த நிறம், கண்ணில் இரண்டுக்கும் நடுவே ஒன்று. திரைப் பலகையே இதைச் செய்தால் எஃப்ஆர்சி என்பார்கள். 6 பிட் பலகையில் நிறத்துக்கு 64 படிகள்தான், மொத்தம் 2,62,144 நிறங்கள். கம்ப்யூட்டர் அனுப்புவது 256 படிகள், 1.67 கோடி நிறங்கள். நடுவில் உள்ளவற்றை நடுக்கத்தால் நிரப்புகிறார்கள். விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் இருப்பது இதுதான்.

எல்லோருக்கும் இது உறுத்துவதில்லை. ஒன்று முதல் எட்டு வரை சரிசெய்த பிறகும் வலி நிற்பவர்களுக்கே இந்தப் பகுதி. முதலிலேயே இங்கே தாவி வந்து செட்டிங்கைக் குடைபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இருக்கிறதா என்று பார்ப்பது

வெளிச்சத்தை மினுக்கம் இல்லாத அளவில் வையுங்கள். சாம்பல் பட்டைக் கோப்பை நூறு சதவீத அளவில் திறந்து, பிக் கிளாஸை வைத்து இருண்ட பட்டைகளைப் பாருங்கள். எறும்பு ஊர்வது போல ஒரு நெளிவு தெரிந்தால் அது காலத்தில் மாறும் டிதரிங். 6 பிட் பலகையில் பெரும்பாலும் நான்கு பட்டைக்கு ஒன்று அசையாமல் நிற்கும், மற்ற மூன்றும் நெளியும்.

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில், பிக் கிளாஸ் வழியாகவே எடுங்கள். முழு வெள்ளைக் கோப்பையும் அதேபோல் எடுத்து ஒப்பிட வேண்டும். முழு வெள்ளையில் கலக்க ஒன்றும் இல்லாததால் அங்கே டிதரிங் இருக்காது. வெள்ளையிலும் நெளிந்தால் அது கைபேசி வீடியோவில் தானாக விழும் புள்ளிக் கலங்கல்தான்.

யார் செய்கிறார்கள் என்று பிரிப்பது

பலகையா, கிராபிக்ஸ் கார்டா? அதே மானிட்டரை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். நெளிவு மானிட்டரோடு போனால் பலகை, கம்ப்யூட்டரோடு நின்றால் கார்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆராய்வதால் பயனில்லை, கார்டு இதைச் செய்வது படம் வெளியேறும் கடைசி வாசலில்.

குறைப்பது

விண்டோஸில் முதலில் எச்டிஆரை (ஒளி வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதியை) அணையுங்கள். டிஸ்பிளே செட்டிங்கின் உள்ளே பிட் அளவு காட்டும் இடத்தில் "8 பிட், டிதரிங்குடன்" என்று இருந்தது வெறும் "8 பிட்" ஆகிவிடும். பலருக்கு இந்த ஒரு படியே போதும்.

என்விடியா கார்டானால் அதன் கன்ட்ரோல் பேனலில் நிற அமைப்பை என்விடியா அமைப்புக்கு மாற்றி, வெளியீட்டை 8 பிட், முழு வீச்சு என்று வையுங்கள். கலர்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் டிதரிங்கை நேரடியாக அணைக்கலாம். லினக்ஸில் என்விடியாவின் சொந்த டிரைவருக்கான செட்டிங் பக்கத்திலேயே டிதரிங் பொத்தான் இருக்கிறது.

ஏஎம்டி கார்டில் நிற ஆழத்தை, அதாவது எத்தனை பிட் என்பதை, பலகையின் உண்மை ஆழத்துக்கு ஒத்ததாக வையுங்கள். "குறைத்தால் நல்லதுதானே அண்ணா" என்று ஒரு பெண் 8 பிட் மானிட்டருக்கு 6 பிட் தேர்ந்தெடுத்திருந்தாள். குறைவான படிகளில் அனுப்பச் சொன்னால் கார்டு நடுவில் உள்ளவற்றைக் கலக்கத்தான் செய்யும், நெளிவு கூடும்.

ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் இதை அணைக்கச் செட்டிங்கில் இடமில்லை. ஸ்டில்கலர் என்ற சிறு செயலி செய்கிறது.

இனி, பலர் கவனிக்காத ஒன்று. நைட் லைட், நிறத் திருத்தக் கோப்பு, மென்பொருள் வழி மங்கலாக்கல் ஆகிய மூன்றும் ஒவ்வொரு நிற எண்ணையும் பெருக்கிப் பின்னமாக்குகின்றன. 100 என்ற படி 83.4 ஆகிறது. அந்தப் புள்ளி நான்கைக் காட்டச் சில கார்டுகள் டிதரிங்கை எழுப்பிவிடும். கண்ணுக்காகப் போட்ட நைட் லைட்டே கண்ணை உறுத்துவது இப்படித்தான். போட்டும் எடுத்தும் சாம்பல் பட்டையைப் பாருங்கள். மானிட்டருக்குள் இருக்கும் கான்ட்ராஸ்ட், நிற வெப்பம் போன்றவற்றையும் அதே காரணத்துக்காகத் தயாரிப்பாளர் வைத்த நிலையிலேயே விடுங்கள்.

பலகையே 6 பிட் என்றால் எந்தச் செட்டிங்கும் உதவாது. வெளி மானிட்டர் ஒன்றுதான் வழி. 8 பிட்டும் எஃப்ஆர்சியும் சேர்ந்து 10 பிட் காட்டும் மானிட்டரானால், அதற்கு 8 பிட்டையே அனுப்புங்கள். கலக்க வேண்டிய வேலை அதற்குப் பெரும்பாலும் இருக்காது.

10. நிற வேலை செய்பவர்களுக்கு

டிதரிங்கை அணைத்ததும் நிறம் மெல்ல மாறும் இடங்களில் படிப்படியாகக் கோடு தெரியும். கிரே மெலாஞ்ச் (கலப்புச் சாம்பல்) துணிக்கு நிழல் வரையும்போது இது பளிச்சென்று தெரியும். கோப்பில் கோடு விழுந்துவிட்டது என்று பயந்து மங்கலாக்கும் கருவியால் தேய்க்காதீர்கள். நிற எண்களைச் சொட்டுக் கருவியால் தொட்டுப் பாருங்கள். எண் ஒவ்வொன்றாக ஏறினால் கோப்பு சரி, திரையில்தான் கோடு.

நைட் லைட் எரியும் திரையில் நிறத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது. மாலை ஆறு மணிக்கு அது தானாக மஞ்சளேறும், நீங்கள் கவனிக்காமல் துணியில் அச்சிடும் ஸ்கிரீனுக்கு நிறம் சொல்லிவிடுவீர்கள். லேப் டிப்பை (சாயம் தோய்த்த மாதிரித் துணியை) லைட் பாக்ஸில் பகல் ஒளியை ஒத்த டி65 விளக்கின் கீழ் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

11. கைபேசி

பகல் முழுக்கத் திரையைச் சரிசெய்துவிட்டு, இரவு படுக்கையில் ஓஎல்இடி கைபேசியை அடிமட்ட வெளிச்சத்தில் பார்த்தால் பிடபிள்யூஎம்மின் மோசமான நிலையைத்தான் பார்க்கிறீர்கள். டிசி டிம்மிங் என்றோ மினுக்கக் குறைப்பு என்றோ செட்டிங்கில் இருந்தால் போடுங்கள். ஐபோனில் வெளிச்சத்தை மேலே வைத்து, வெண்மையைக் குறைக்கும் வசதியால் மங்கலாக்கலாம்.

12. புது மானிட்டர் வாங்கும்போது

மேலே உள்ள எல்லாம் செய்து, நோட்டில் இரண்டு வாரம் எழுதிய பிறகு வாங்குங்கள். அட்டையில் 1.67 கோடி நிறம் என்று இருந்தாலும் பலகை 6 பிட்டும் எஃப்ஆர்சியுமாக இருக்கலாம். 107 கோடி என்று போட்டவற்றிலும் பல 8 பிட்டும் எஃப்ஆர்சியும்தான். மாடல் எண்ணை வைத்துப் பலகையின் விவர அட்டையைத் தேடி, எத்தனை பிட் என்று பாருங்கள்.

பிறகு காந்திபுரமோ உங்கள் ஊர்க் கடையோ, உங்கள் லேப்டாப்பையும் இரண்டு கோப்புகளையும் ஈர்க்குச்சியையும் பிக் கிளாஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடை விளக்கின் மினுக்கம் குழப்பும், ஆகவே சட்டையாலோ அட்டைப் பெட்டியாலோ திரைக்கு மேல் நிழல் கட்டிக்கொண்டு ஈர்க்குச்சியை ஆட்டுங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் சொந்த வேலைக் கோப்பு ஒன்றைத் திறந்து வேலை பாருங்கள். அப்படி உட்கார விடாத கடையில் நான் வாங்குவதில்லை.